ஹமாடா ஷோஜியின் கலங்கள்: மிங்கெய் என்னும் கருத்துக்கு ஓர் அறிமுகம்

ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜி, மஷிகோ என்னும் ஊரில் இருந்த தம் பட்டறையில் அகன்ற தட்டுகளை அலங்கரித்த முறை மிக எளியது. ஒரு நிறப் பூச்சில் முன்னரே தோய்த்தெடுத்து உலர்த்திய தட்டின் மேல், வேறு நிறப் பூச்சை அகப்பையில் அள்ளி, அதைச் சற்றே சாய்த்தபடி கையை ஒரே வீச்சில் குறுக்கே கொண்டுபோவார். பூச்சு ஒரு கோடாக விழும். அப்படி இரண்டு மூன்று வீச்சுகளோடு வேலை முடிந்துவிடும். இதைக் கண்ட ஒருவர், இவ்வளவு பெரிய தட்டுக்கு 15 நொடி வேலைதானா என்று கேட்டபோது, 15 நொடியோடு 60 ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஹமாடா விடை சொன்னார்.

கலத்தொழில் பயில்வோரிடையே இந்த விடை மிகவும் பெயர் பெற்றது. நீண்ட பயிற்சியின் பெருமையைச் சொல்வதாகவே பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அது சரிதான் என்றாலும் பாதி விளக்கம் மட்டுமே என்று எனக்குப் படுகிறது. யோசித்து இடும் கோட்டைவிட, பழகிய கை தானாக இடும் கோட்டையே ஹமாடா நம்பினார். கலம் ஒன்று உருவாகும் வழியில் எவற்றையெல்லாம் தாம் முடிவு செய்யாமல் விட்டுவிடலாம் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். மண்ணிடமும் கல்லிடமும் சூளையிடமும் தம் கையின் பழக்கத்திடமும் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். இந்த அணுகுமுறைக்குப் பின்னால் இருந்த கருத்தின் பெயர் மிங்கெய், அதாவது மக்கள் கைவினை. அந்தக் கருத்தையும், அது ஹமாடாவின் கையில் எப்படிச் செயல்பட்டது என்பதையும், கலத்தொழிலைப் பற்றி ஏதும் அறியாத வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண், கண்ணாடி, சூடு

முதலில் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம். நம் ஊர்ச் சூளையில் வேகும் பானை ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் மண் இறுகினாலும் அதன் நுண்துளைகள் அடைபடுவதில்லை. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. இன்னும் கூடுதலான சூட்டைத் தாங்கக்கூடிய வேறு வகை மண்ணை 1,200 டிகிரிக்கு மேல், 1,300 டிகிரி வரையில் சுட்டால், அம்மண்ணில் உள்ள சில தாதுக்கள் உருகி மற்றத் துகள்களைப் பிணைத்து, கல்லுக்கு நிகரான இறுக்கத்தைத் தருகின்றன. இப்படிக் கிடைக்கும் கலத்தை ஸ்டோன்வேர் என்பார்கள். வீட்டில் ஊறுகாய் போட்டு வைக்கும் ஜாடியைப் பீங்கான் ஜாடி என்றே அழைத்தாலும், அது பெரும்பாலும் ஸ்டோன்வேர் வகையைச் சேர்ந்ததுதான். ஹமாடாவின் கலங்களும் இந்த வகையே.

அந்த ஜாடியின் மேல் பளபளக்கும் படலத்தைக் குயவர்கள் கிளேஸ் என்கிறார்கள். மண்ணின் மேல் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடி அது. கண்ணாடிக்கு மூலப்பொருள் சிலிக்கா. ஆனால் தூய சிலிக்கா உருகுவதற்கு ஏறத்தாழ 1,700 டிகிரி சூடு தேவைப்படும். எந்தக் குயவர் சூளையும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. எனவே உருகும் சூட்டைக் கீழே இறக்குவதற்காகச் சுண்ணம், பொட்டாஷ் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். உருகிய கண்ணாடி கலத்திலிருந்து வழிந்து ஓடிவிடாமல் கெட்டியாக நிற்பதற்குக் களிமண்ணில் உள்ள அலுமினா உதவுகிறது. இரும்போ செம்போ சிறிதளவு கலந்தால் நிறம் கிடைக்கிறது. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான கிளேஸ் வகைகள் அனைத்தும் இந்தச் சில பொருள்களின் விகித வேறுபாடுகள்தாம். இவற்றை ஆய்வுக்கூடத்தில் எடைபோட்டுக் கலக்கலாம். அல்லது சாம்பலிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஹமாடா முதல் வழியை நன்றாகக் கற்ற பின் இரண்டாம் வழிக்குப் போனவர்.

கியோத்தோவிலிருந்து மஷிகோ வரை

ஹமாடா 1894 டிசம்பர் 9 அன்று தோக்கியோவை அடுத்த கவாசாகியில் பிறந்தார். ஓவியராக விரும்பிய அவர், ஓவியர் ஆக முனைவோரில் பாதிப் பேர் கைவினைக்குப் போனால் இரண்டுக்குமே நல்லது என்ற பொருளில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் கூறியிருந்ததைப் படித்துப் பாதையை மாற்றிக்கொண்டார். 1913-இல் தோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியின் கலத்தொழில் பிரிவில் சேர்ந்தார். இதாயா ஹஸான் அங்கே அவருக்கு ஆசிரியர்; பின்னாளில் வாழ்நாள் நண்பராகிய கவாய் கன்ஜிரோ அங்கே மூத்த மாணவர். 1916-இல் படிப்பு முடிந்ததும் கவாய் வேலை பார்த்துவந்த கியோத்தோ நகரக் கலத்தொழில் சோதனைக் கூடத்திலேயே ஹமாடாவும் சேர்ந்தார். இருவரும் அங்கே செய்த கிளேஸ் சோதனைகள் பத்தாயிரம் என்று சொல்வது வழக்கம். கிராமத்துக் குயவர் போன்ற தோற்றத்தில் முதுமை வரை வாழ்ந்த இவர் வேதியியல் கற்றவர் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் எளிய வழிகளைத் தேர்ந்தெடுத்தார் என்றால், வேறு வழி தெரியாததால் அன்று.

ஜப்பானில் தங்கியிருந்த ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் கண்காட்சியை 1918-இல் பார்த்த ஹமாடா, அடுத்த ஆண்டு அபிகோ என்னும் ஊரில் அவருடைய பட்டறைக்கே சென்றார். அப்பட்டறை இருந்த நிலம் சிந்தனையாளர் யனாகி சோயெட்சுவுக்கு உரியது. லீச், யனாகி, ஹமாடா, கவாய் ஆகியோரின் நட்பே பின்னாளில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1920-இல் லீச் நாடு திரும்பியபோது ஹமாடாவும் உடன் சென்றார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், சென்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் இருவரும் பட்டறை அமைத்து, மேற்கு நாடுகளில் முதன்முதலாக ஜப்பானிய முறையிலான ஏறுசூளையை, அதாவது சரிவில் படிப்படியாக ஏறும் அறைகள் கொண்ட விறகுச் சூளையைக் கட்டினார்கள். அந்தச் சூளை நெடுநாள் நீடிக்கவில்லை. மட்சுபாயாஷி சுருனொசுகே என்ற ஜப்பானியர் வந்து வேறொன்றைக் கட்ட வேண்டியிருந்தது. 1923-இல் லண்டனில் நடந்த ஹமாடாவின் தனிக் கண்காட்சிகள் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன.

இங்கிலாந்தில் அவரை மிகவும் பாதித்தவை இரண்டு. ஒன்று, ஆங்கிலக் கிராமங்களின் பழைய மண்கலங்கள். நீர்க்களிமண்ணைத் தாராளமாக ஊற்றி அலங்கரித்த தட்டுகளும் கைப்பிடி தடித்த குடுவைகளும். மற்றொன்று, சசெக்ஸ் பகுதியின் டிச்லிங் என்னும் கிராமத்தில் கைவினைஞர்கள் வாழ்ந்த முறை. நெசவாளர் எதெல் மேரெட்டின் வீட்டில் உண்ட உணவையும், அது பரிமாறப்பட்ட நாட்டுப்புறக் கலங்களையும், நகரத்தை விட்டு விலகி நன்றாக வாழ முடியும் என்பதையும் ஹமாடா மறக்கவில்லை. தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் இடைக்குறிப்பு: இந்த எதெல், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவி. 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் அவரோடு வாழ்ந்து, அங்குள்ள கைவினைகளை ஆவணப்படுத்தும் பணியில் பங்கெடுத்தவர். தொழிற்சாலைப் பொருள்கள் கைவினையை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கவலை கொண்டவர்கள் இலங்கையிலும் சசெக்ஸிலும் தோக்கியோவிலும் இருந்தார்கள் என்பதை இந்தத் தொடர்பு காட்டுகிறது.

1923 செப்டம்பரில் தோக்கியோவையும் யொகொஹாமாவையும் பெருநிலநடுக்கம் அழித்தது. அந்த ஆண்டு இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட ஹமாடா 1924-இல் தாயகம் வந்தார். அவ்வாண்டே மஷிகோவுக்குச் சென்றார், திருமணம் செய்துகொண்டார், மனைவியோடு தெற்கே ஓகினாவாவுக்குப் போய், சுபோயா குயவர்களிடையே தங்கி வேலை செய்தார். கியோத்தோவில் வழியைக் கண்டேன், இங்கிலாந்தில் தொடங்கினேன், ஓகினாவாவில் கற்றேன், மஷிகோவில் வளர்ந்தேன் என்று தம் வாழ்க்கையை அவர் சுருக்கிச் சொல்வதுண்டு. மஷிகோவில் நிலையாக ஊன்ற மேலும் சில ஆண்டுகள் ஆயின. பழைய பண்ணை வீடுகளை விலைக்கு வாங்கி, மரச்சட்டங்களைப் பிரித்துக் கொண்டுவந்து, தம் வளாகத்தில் மீண்டும் பூட்டி, அவற்றையே வீடாகவும் பட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார்.

மிங்கெய் சொல்வது என்ன?

1925-இல் யனாகி, ஹமாடா, கவாய் மூவரும் சேர்ந்து பயணம் செய்துகொண்டிருந்தபோது உருவாக்கிய சொல் மிங்கெய். அதற்குப் பொருள் தந்து வளர்த்தவர் யனாகி. அவருடைய வாதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். அரண்மனைக்காகவும் காட்சிக்காகவும் செய்யப்படும் பொருள்களில், செய்பவர் தம் திறமையைக் காட்ட முனைகிறார். அந்த முனைப்பு பொருளிலேயே தெரிகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்காக, பெயர் அறியப்படாத கைவினைஞர், உள்ளூரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, மலிவாகவும் ஏராளமாகவும் செய்யும் கிண்ணத்திலோ கூடையிலோ அப்படிப்பட்ட முனைப்புக்கு இடமே இல்லை. அதனால் அதில் வரும் அழகு தானாக வருவது, உறுதியானது, தளர்வில்லாதது.

இதற்கு யனாகி காட்டிய பெரிய சான்று கிசாஎமோன் என்று பெயர் பெற்ற தேநீர்க் கிண்ணம். கியோத்தோவில் தைத்தொகுஜி மடாலயத்தைச் சேர்ந்த ஒரு கோயிலில் பாதுகாக்கப்படும் இக்கிண்ணம், ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்று. ஆனால் அது கொரியாவில், பெயர் தெரியாத குயவர் ஒருவர் வனைந்தது. வடிவம் சற்றே கோணல். அடிவளையத்தைச் சுற்றிக் கிளேஸ் சுருங்கிக் கொப்புளங்களாகத் திரண்டிருக்கிறது. சாதாரணச் சோற்றுக் கிண்ணம் என்று யனாகி கருதிய இதையே தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் உச்சிமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அழகு செய்யும் எண்ணம் துளியும் இல்லாமல் செய்ததாலேயே இந்தக் கிண்ணம் இவ்வளவு அழகாக இருக்கிறது என்றார் யனாகி. இந்தக் கருத்துக்கு ஒரு வீடாக 1936-இல் தோக்கியோவின் கொமாபா பகுதியில் ஜப்பானிய மக்கள் கைவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குராஷிகி நகரத் தொழிலதிபர் ஒஹாரா மகொசபுரோ அதற்குப் பணம் தந்தார். யனாகி முதல் இயக்குநர். 1961-இல் அவர் மறைந்த பின் அப்பொறுப்பு ஹமாடாவுக்கு வந்தது.

இங்கே எந்த வாசகருக்கும் எழ வேண்டிய ஐயம் ஒன்று உண்டு. படிக்காத, பெயரற்ற குயவரிடம் தானாக வரும் அழகு, தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, லண்டனில் கண்காட்சி வைத்த ஒருவருக்கு எப்படி வரும்? அறிந்ததை அறியாமல் ஆக்க முடியாது. ஹமாடா அதற்கு முயலவும் இல்லை. தாமும் பெயரற்ற கைவினைஞர்தான் என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. பெயரற்ற குயவருக்குச் சூழ்நிலை விதித்திருந்த வரம்புகளைத் தாமே தேடிப்போய் ஏற்றுக்கொண்டார். அவருடைய பட்டறை முறையை இந்த ஒரு நோக்கில் பார்த்தால் எல்லாமே விளங்குகின்றன.

மஷிகோ, தோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் தோச்சிகி மாநிலத்தில் உள்ள ஊர். 1853-இல் ஓட்சுகா கெய்ஸபுரோ என்பவர் அங்கே கலத்தொழிலைத் தொடங்கினார். கலைப்பொருளுக்கான ஊர் அன்று அது. நீர்ச்சால்கள், மாவு அரைக்கும் கல்வம் போன்ற வரிக்கிண்ணங்கள், தேநீர்க் கெண்டிகள் என்று தலைநகரின் சமையலறைகளுக்கு வேண்டியவற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. மினாகாவா மஸு என்ற பெண்மணி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகளில் மலையும் நீரும் கொண்ட ஒரே காட்சியைத் தீட்டிக் கூலி வாங்கிக்கொண்டிருந்தது இந்த ஊரில்தான். அவ்வூர் மண் கரடுமுரடானது, மணல் கலந்தது, மெல்லிய சுவர் கொண்ட நுட்பமான கலத்துக்கு ஒத்துவராது. மென்மையான மண்ணை வேறு ஊரிலிருந்து தருவித்துக்கொள்ள ஹமாடாவுக்கு வசதி இல்லாமல் இல்லை. அவர் இந்த மண்ணையே வைத்துக்கொண்டார். தடித்த விளிம்பு, அகன்ற அடி, கனமான தோள் என்று இன்று ஹமாடா பாணியாக அறியப்படும் பலவற்றை முதலில் முடிவு செய்தது மண்தான்.

கிளேஸ் விஷயத்திலும் இதே கதை. அவருடைய கலங்களில் மிகவும் பெயர் பெற்ற நிறம், பழுத்த பெர்சிமன் பழத்தை நினைவூட்டும் செம்பழுப்பு. ஜப்பானியர் அதைக் காக்கி என்பார்கள். மஷிகோவுக்கு அருகில் அஷினுமா என்ற இடத்தில் வெட்டப்படும் கல்லின் தூளைத் தண்ணீரில் கரைத்தால் அதுவே கிளேஸ். வேறு எதையும் கலக்க வேண்டியதில்லை. உருகுவதற்கும் நிறத்துக்கும் வேண்டிய அனைத்தும், இரும்பு உட்பட, அந்தக் கல்லிலேயே இருக்கின்றன. மஷிகோ குயவர்கள் காலங்காலமாக நீர்ச்சால்களுக்குப் பூசிவந்த பூச்சு இது. மெல்லியதாகப் பூசினால் ஒரு தோற்றம், தடித்துப் பூசினால் வேறொரு தோற்றம்; கருப்புக் கிளேஸின் மேல் பூசினால் இன்னொன்று. பத்தாயிரம் சோதனைகள் செய்தவர் கடைசியில் ஒரே ஒரு கல்லின் வேறுபாடுகளில் வந்து நின்றார்.

வெண்மைக்கு அவர் பயன்படுத்தியது உமிச்சாம்பல். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்த சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். இதோடு விறகுச் சாம்பலைச் சேர்த்தால் அதிலுள்ள சுண்ணமும் பொட்டாஷும் உருகலுக்கு வழி செய்கின்றன. உள்ளூர்க் கல்தூள் ஒன்று கெட்டித்தன்மை தருகிறது. சிலிக்கா மிகுதியாக இருப்பதால் இந்தக் கிளேஸ் முழுவதும் தெளிந்த கண்ணாடியாகிவிடாமல் பால் கலந்ததுபோல் மங்கிய வெண்மையில் நிற்கிறது. இதிலேயே சிறிது செம்பைச் சேர்த்தால் பச்சை கிடைக்கிறது. நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை என்பதால் இது மலிவான கிளேஸும்கூட. ஆய்வுக்கூடத்தில் இதே பொருள்களைத் தூய்மையான வேதிப்பொடிகளாக வாங்கிக் கலந்தாலும் ஏறத்தாழ இதே நிறம் வரும். ஆனால் சாம்பலிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் சிறுசிறு அசுத்தங்கள்தாம் நிறத்துக்கு ஆழம் தருகின்றன. அடுப்புக்கு அடுப்பு சாம்பல் மாறும். அதோடு கிளேஸும் மாறும். ஒரே சீரான நிறம் வேண்டும் என்பவருக்கு இது தொல்லை. ஹமாடா இந்தத் தொல்லையை விலை கொடுத்து வாங்கியவர்.

கையும் சக்கரமும் கரும்பும்

மின்சாரச் சக்கரம் வந்த பிறகும் ஹமாடா கையால் சுழற்றும் மரச்சக்கரத்தையே விரும்பினார். சக்கரத்தின் மேற்புறத்தில் உள்ள குழியில் ஒரு கோலை நட்டுச் சில சுற்று வேகமாகச் சுழற்றிவிட்டு, அந்த வேகம் தீர்வதற்குள் வனைய வேண்டும். நம் குயவர்கள் திகிரியைச் சுழற்றுவதும் இவ்வாறுதான் என்பதால் தமிழ் வாசகருக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, பெரிய மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் குவித்து, உச்சியில் ஒரு கிண்ணம் வனைந்து நூலால் அறுத்தெடுத்து, எஞ்சிய மண்ணில் அடுத்த கிண்ணத்தைத் தொடங்குவார். சக்கரத்தின் வேகம் குறையக் குறைய மண்ணில் விரலின் தடமும் லேசான தளர்ச்சியும் பதிகின்றன. அவற்றை அவர் திருத்துவதில்லை. நூறு கிண்ணங்களை வரிசையாக வனையும்போது எந்த ஒரு கிண்ணமும் அருமையானதாக இருப்பதில்லை என்பதே இந்த முறையின் உட்பொருள். இந்த ஒன்று நன்றாக வரவேண்டுமே என்ற பதற்றம் கையில் இல்லாதபோது கை தளர்ந்து வேலை செய்கிறது.

கரும்பு ஓவியம் இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஓகினாவாவில் காற்றில் சாயும் கரும்புத் தோகைகளைப் பார்த்து ஹமாடா வரைந்துகொண்டார். அந்தக் கோட்டோவியத்தைப் பிறகு கலங்களில் தீட்டத் தொடங்கி, வாழ்நாள் இறுதி வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள் அதையே தீட்டினார். முதலில் கரும்பாக இருந்தது சிறிது சிறிதாகச் சுருங்கி, ஒரு நிமிர்ந்த தண்டும் அதிலிருந்து வளைந்து விழும் சில தோகைகளுமாக, நான்கைந்து தூரிகை வீச்சுகளில் முடிந்துவிடும் அளவுக்கு வந்தது. மஷிகோவில் நாய் மயிரால் கட்டிய தூரிகை வழக்கத்தில் இருந்தது. அது இரும்புக் கலவையை நிறைய உறிஞ்சி ஒரே வீச்சில் இறக்கும், நுணுக்கமான கோடுகளுக்கு உதவாது. புதிய வடிவங்களைத் தேடவில்லையா என்று கேட்கத் தோன்றும். மினாகாவா மஸு ஒரே காட்சியை வாழ்நாள் முழுவதும் தீட்டியது வயிற்றுப்பாட்டுக்காக. அதே வரம்பை ஹமாடா விரும்பி ஏற்றார். ஒவ்வொரு முறையும் கரும்பு சற்றே வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை அவர் திட்டமிடவில்லை. கலத்தின் வளைவும் தூரிகையில் இருந்த ஈரமும் அன்றைய கையும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வாசகர் போய்விடக் கூடாது. குறையுடன் கோணலாகச் செய்வதே அழகு என்று ஹமாடா நினைக்கவில்லை. வேண்டுமென்றே கோணலாக்கிய கிண்ணத்தில் செய்தவரின் முனைப்பு பளிச்சென்று தெரியும். மிங்கெய் சிந்தனைப்படி அது மிகப் பெரிய குறை. அவருடைய கலங்கள் பயன்பாட்டுக்கு ஏற்றவை, நேராக நிற்பவை, கையில் எடுத்தால் எடை சரியாக உட்காருபவை. கோணல் எங்காவது இருந்தால் அது வேலையின் போக்கில் வந்தது. இன்றைய கடைகளில் ஜப்பானியப் பாணி என்று பெயரிட்டு, விளிம்பை விரலால் நெளித்து விற்கப்படும் கிண்ணங்களைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பது வேடிக்கையாக இருக்கிறது.

சூளையிடம் விட்டவை

ஹமாடாவின் பெரிய ஏறுசூளை மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகளைக் கொண்டது. கீழே தீ மூட்டினால் வெப்பம் அறை அறையாக மேலே ஏறும். ஓர் அறை உரிய சூட்டை எட்டுவதற்குள் அடுத்த அறை பாதி சூடேறியிருக்கும். பிறகு அந்தந்த அறையின் பக்கவாட்டுத் துளைகள் வழியே பைன் விறகைப் போட்டு எஞ்சிய சூட்டை ஏற்றுவார்கள். பைன் மரத்தில் பிசின் இருப்பதால் தீநாக்கு நீளமாக ஓடி அறையின் மூலைவரை போய்த் தொடும். வேலை இரவு பகலாக, நாள்கணக்கில் நடக்கும். ஒரே அறைக்குள்ளும் தீக்கு அருகில் இருக்கும் கலத்துக்கும் பின்சுவரை ஒட்டிய கலத்துக்கும் சூடு வேறு, காற்று வேறு; விறகுச் சாம்பல் பறந்து சில கலங்களின் தோளில் மட்டும் படியும்.

சிறிய சூளையாக இருந்தால் முழுவதையும் தம்மால் அடக்கி ஆள முடியும், ஆனால் மனிதரின் தான் என்பது சிறியது என்றும், பெரிய சூளையின் முன்னால் தம் ஆற்றல் போதாமல் போவதால் தமக்கு அப்பாற்பட்ட ஓர் ஆற்றல் வேலைக்குள் வர இடம் கிடைக்கிறது என்றும் ஹமாடா கூறியிருக்கிறார். இது பௌத்தச் சாயல் கொண்ட பேச்சு; யனாகியும் இவ்வாறு எழுதியவர்தான். சமய நம்பிக்கை இல்லாத வாசகர் இதை வேறு விதமாகவும் புரிந்துகொள்ளலாம். வெப்பம், சாம்பல், காற்று ஆகியவற்றின் எண்ணற்ற சேர்க்கைகளை ஒரு மனிதர் வடிவமைக்க முடியாது. அவற்றிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். அப்படித் தேர்ந்தெடுக்கும் கண் வேண்டும் என்பதற்காகவே அவர் வாழ்நாள் முழுவதும் உலகெங்குமிருந்து பொருள்களைச் சேகரித்தார். ஒரு பொருளின் முன் தாம் தோற்றுப்போனதாக உணர்ந்தால் அதை வாங்கிவிடுவாராம். அந்தச் சேகரிப்பு 1977-இல் மஷிகோ சன்கொகான் என்ற அருங்காட்சியகமாக அவருடைய வளாகத்திலேயே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 5 அன்று அவர் மறைந்தார்.

பெயர் என்னும் சிக்கல்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின் ஹமாடா தம் கலங்களில் முத்திரையோ கையெழுத்தோ இடுவதை நிறுத்திவிட்டார். அப்படியானால் உங்கள் கலத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டவர்களுக்கு, காலப்போக்கில் என்னுடைய மோசமான கலங்கள் மற்றவர்களின் பெயரில் போய்விடும், மற்றவர்களின் நல்ல கலங்கள் என் பெயருக்கு வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே விடை சொல்வார் என்பார்கள். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பானில் மதிப்புமிக்க கலத்தை மரப்பெட்டியில் வைத்து விற்பது வழக்கம். அந்தப் பெட்டியின் மூடியில் ஹமாடா தம் கையால் எழுதி முத்திரையும் இட்டார். இன்று ஏலத்தில் அவருடைய கலத்துக்குக் கிடைக்கும் விலையில் அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்குண்டு. கலத்தில் இல்லாத பெயர் பெட்டியில் இருந்தது.

1955-இல் ஜப்பானிய அரசு முதன்முதலாக அறிவித்த, வாழும் தேசியப் பொக்கிஷங்கள் என்று மக்கள் அழைக்கும் கைவினைஞர்களுள் ஹமாடாவும் ஒருவர். 1968-இல் பண்பாட்டு விருதும் பெற்றார். அவருடைய நண்பர் கவாய் இத்தகைய சிறப்புகளை மறுத்துவிட்டார். மிங்கெய் கருத்தை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் கவாயின் நிலையே அதற்கு நெருக்கமானது என்று சொல்ல வேண்டும். மலிவாக, ஏராளமாக, பெயரில்லாமல் என்ற மூன்று நிபந்தனைகளில், பெயர் பெற்ற பிறகு ஹமாடாவின் கலங்கள் ஒன்றைத்தான் நிறைவேற்றின, ஏராளமாகச் செய்தார். யனாகியின் கருத்தின் மேலும் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவர் கொண்டாடிய கொரியக் கலங்களில் பல, 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் சேகரிக்கப்பட்டவை. ஆளும் நாட்டின் அறிஞர், ஆளப்படும் மக்களின் குயவரைப் பெயரற்றவர் என்றும் அறியாமல் அழகு செய்பவர் என்றும் வருணிப்பதில் உள்ள சமனின்மையைப் பின்னாளைய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒடுக்குமுறையை எதிர்த்து யனாகி எழுதியதும் உண்மை. இந்த விமர்சனமும் நியாயமானதே.

ஆனாலும் பட்டறையில் பிறந்த அணுகுமுறை, கோட்பாட்டின் குறைகளைத் தாண்டிப் பரவியது. 1952-இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் நடந்த கைவினைஞர் மாநாட்டுக்குப் பின் ஹமாடா, யனாகி, லீச் மூவரும் அமெரிக்கா முழுவதும் சுற்றி வந்தார்கள். மொண்டானாவில் ஆர்ச்சி பிரே நிறுவனத்தில் ஹமாடா முன்பின் அறியாத மண்ணில் வனைந்து காட்டியதைப் பார்த்தவர்களுள், பின்னாளில் அமெரிக்கக் கலத்தொழிலையே திருப்பிப்போட்ட பீட்டர் வோல்க்கோஸும் ஒருவர். மஷிகோவில் ஹமாடாவிடம் பயின்ற ஷிமாஒகா தத்ஸுஸோ, கயிற்றை மண்ணில் உருட்டிப் பதிக்கும் தம் சொந்த முறையைக் கண்டு, 1996-இல் வாழும் தேசியப் பொக்கிஷமானார். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியையும் இங்கே நினைக்கலாம். டெபோரா பயின்றது பிசென் என்ற வேறொரு ஜப்பானியக் கலத்தொழில் ஊரில். எனினும் விறகுச் சூளை, ஸ்டோன்வேர், கையில் பழகும் அன்றாடக் கலம் என்ற அதே உலகம் தமிழ்ப் பகுதிக்கு வந்த வழி அது.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஹமாடாவின் ஏறுசூளை சேதமடைந்தது. அதைச் செப்பனிட்டு, 2015-இல் மஷிகோ குயவர்கள் பலர் தத்தம் கலங்களைக் கொண்டுவந்து அடுக்கி மீண்டும் சுட்டார்கள். மஷிகோவில் இன்று நூற்றுக்கணக்கான குயவர்கள் இருக்கிறார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கலச்சந்தைக்குக் கூட்டம் அலைமோதுகிறது. குயவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். எல்லாரும் உள்ளூர் மண்ணையோ அஷினுமா கல்லையோ பயன்படுத்துவதில்லை. எரிவாயுச் சூளைகளும் மின்சூளைகளும் வந்துவிட்டன.

ஹமாடாவின் கலம் ஒன்றை அருங்காட்சியகத்திலோ நல்ல படத்திலோ பார்க்க நேர்ந்தால், அலங்காரத்துக்கு முன் அடியைப் பாருங்கள். கிளேஸ் எங்கே நின்றது, எங்கே துளியாகத் திரண்டது, பூசாமல் விட்ட மண் என்ன நிறத்தில் வெந்திருக்கிறது, சீவிய கருவி எந்த வேகத்தில் சுற்றி வந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். பிறகு விளிம்பு, அதன் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. அதன் பின் அகப்பைக் கோட்டுக்கோ கரும்புக்கோ வரலாம். கோடு தொடங்கிய இடம் தடித்தும் முடிந்த இடம் மெலிந்தும் இருக்கும். கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.